புரட்டாசியும் ராணியின் முடியும்

எங்கள் வீட்டில் புரட்டாசி நெருங்குவதை முதலில் சொல்வது ராணியின் தொடைதான். ஆடிக் கூழ் ஊற்றி முடிந்து, ஆவணி பாதி போனதும், அவளுடைய பின்னந்தொடையில் வெளிர் நிறத்தில் சின்னச் சின்னக் கற்றைகள் எட்டிப் பார்க்கும். இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்தால், அவளுக்கு வலியே இல்லாமல் கையோடு வந்துவிடும். அடுத்த வாரம் அதே முடி சோபாவில் இருக்கும். அதற்கடுத்த வாரம் சாமி அறை வரை போய்விடும்.

ராணி ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு. கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் ஓர் இடத்திலிருந்து குட்டியாகக் கொண்டுவந்தோம். நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், ஒரு சுவரைப் பக்கத்து வீட்டோடு பகிர்ந்துகொள்ளும் பழைய வீடு. அம்மா, நான், என் பையன், ராணி. பின்னால் ஒரு துண்டு முற்றம், அதில் ஒரு கறிவேப்பிலை மரம், துணி காயப்போடும் கம்பி. பெரிய இடம் கிடையாது. அதனால் முடி எங்கே கொட்டினாலும் எங்கள் கண்ணில்தான் படும், எங்கள் மூக்கில்தான் ஏறும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இங்கே பருவங்கள் தலைகீழ். அங்கே புரட்டாசியில் பகல் குறுகிக்கொண்டு வரும். இங்கே செப்டம்பர் என்றால் வசந்தம், பகல் நீண்டுகொண்டு போகும். தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்குப் புரட்டாசி பெரிய மாதம். மாதம் முழுக்கக் கறி மீன் சேர்ப்பதில்லை, சனிக்கிழமைகளில் பெருமாளுக்குப் படையல். மாதம் பிறப்பதற்கு முன்பே வீட்டைக் கழுவி, திரைச்சீலைகளைத் துவைத்து, காமாட்சி விளக்கைத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிடுவோம். வீடு ரொம்பச் சுத்தமாக இருக்க வேண்டிய மாதமும் நாய் அதிகமாக முடி உதிர்க்கும் மாதமும் எங்களுக்கு ஒன்றாகவே வருகின்றன. இதற்காகவே நாயை முற்றத்தில் கட்டிப்போடும் வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு மாதம் முழுவதும், இரவிலும் கூட. வீட்டோடு வளர்ந்த நாய்க்கு அது என்ன என்றே புரியாது. அப்படிச் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

வெயில் ஏறுவதால்தான் முடி கொட்டுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் காரணம் வெளிச்சம். டர்பனில் ஜூன் கடைசியில் பகல் 10 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, டிசம்பரில் 14 மணி நேரம். கண்ணில் விழும் வெளிச்சம் கூடக் கூட நாயின் உடம்பில் மெலடோனின் என்ற சுரப்பு குறைகிறது. குளிர்காலத்துக்காக வளர்த்த உள்முடியை விடலாம் என்று அதன் தோலுக்குத் தகவல் போய்விடுகிறது. வீட்டுக்குள்ளேயே, இரவு பத்து மணி வரை விளக்கு வெளிச்சத்தில் வாழும் நாய்க்கு இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பும். அதனால்தான் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகவும், இரண்டு பருவத்தில் கூடுதலாகவும் கொட்டுகிறது.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமாக, சற்று முரடாக, மழைநீரை வழித்துவிடும் முடி. அதற்குக் கீழே அடர்த்தியாக, மென்மையாக, பஞ்சு போன்ற உள்முடி. காற்றில் பறந்து பருப்பில் விழுவது பெரும்பாலும் இந்த உள்முடிதான். ஒவ்வொரு முடிக்கும் வளர்வது, ஓய்ந்து நிற்பது, உதிர்வது என்று ஒரு சுற்று உண்டு. பூடில் வகை நாய்களுக்கு முடி நெடுநாள் வளர்ந்துகொண்டே இருக்கும், அதனால் குறைவாகக் கொட்டும், ஆனால் சில வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும். ஷெப்பர்ட், ஹஸ்கி, லாப்ரடார் போன்றவற்றுக்குப் பெரும்பாலான முடி வளர்ந்து முடித்து, ஓய்வில் நிற்கும். விழுவதற்குத் தயாராக இருக்கும் அந்த முடியை எந்த மருந்தாலும் நிறுத்தி வைக்க முடியாது. அது எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். முற்றத்திலா, சாமி அறையிலா.

என் வேலையில் முக்கால் பங்கு முற்றத்தில்தான் நடக்கிறது. வீட்டைத் துடைப்பது மிச்சத்துக்கு. இதைத் தலைகீழாகச் செய்பவர்கள் காலையிலும் மாலையிலும் கூட்டிக்கொண்டே இருப்பார்கள், நாய் பின்னாலேயே உதிர்த்துக்கொண்டே வரும். நாயின் மேல் கால் மணி நேரம் செலவழித்தால் தரையில் ஒரு மணி நேரம் மிச்சம்.

செப்டம்பர் முழுவதும், அக்டோபர் பாதி வரை, தினமும் காலையில் ராணிக்கு பிரஷ் போடுகிறேன். எழுந்ததும், குளிப்பதற்கு முன். விளக்கேற்றக் குளித்துவிட்டுத்தான் போகிறோம் என்பதால் இந்த வரிசை முக்கியம். பிரஷ் போடுவதற்கென்றே பழைய நைலான் கவுன் ஒன்று முற்றத்துக் கதவில் தொங்குகிறது. நைலானில் முடி குத்தி நிற்காது, ஒரு உதறு உதறினால் போய்விடும். கம்பளி, பருத்தி இரண்டும் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் முற்றத்துக்கும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் முற்றத்துக்கும் இடையில் இடுப்பளவுச் சுவர்தான். அவர் துணி காயப்போடும் கம்பி சுவரை ஒட்டியே போகிறது. "கண்ணு, நான் துணியை எடுத்தப்புறம் செய்யேன்" என்று அவர் கேட்டதிலிருந்து, அவர் துவைக்கும் நாட்களில் நான் கராஜ் பக்கம் போய்விடுகிறேன். ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே பெர்க் காற்று வேறு வீசும். உள்நாட்டு மேட்டு நிலத்திலிருந்து கடலை நோக்கிச் சூடாக, வறண்டு இறங்கும் காற்று. அந்த நாளில் வெளியே பிரஷ் எடுத்தால் தெருவுக்கே பங்கு போகும். கராஜ் கதவைச் சாத்திவிட்டு, சிமெண்டுத் தரையில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டுச் செய்வேன். எந்த நாளானாலும் முடியைக் காய்ந்தபடியே வாராமல், செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் லேசாகத் தண்ணீர் புகைபோலத் தெளித்துக்கொண்டால் முடி பறக்காது, நடுவில் உடையவும் உடையாது. நனையக் கூடாது, ஈரம் பட்டால் போதும்.

கருவிகளைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். என்னிடம் மூன்றுதான் இருக்கின்றன. முதலாவது ரேக். உருண்டை முனை கொண்ட இரும்புப் பற்கள் இரண்டு வரிசை, உள்முடியைக் கிளறி எடுக்க. இரண்டாவது ஸ்லிக்கர் பிரஷ். வளைந்த மெல்லிய கம்பிகள் நெருக்கமாக இருக்கும், ரேக் தளர்த்திவிட்டதை வாரி எடுக்க. மூன்றாவது சாதாரண ஸ்டீல் சீப்பு, வேலை முடிந்ததா என்று பார்க்க. சீப்பு தோல் வரை போய் எங்கும் தட்டாமல் வெளியே வந்தால் அந்த இடம் முடிந்தது. ஸ்லிக்கரை வாங்கியதும் முதலில் உங்கள் முன்கையில், நாய்க்கு அழுத்தும் அதே அழுத்தத்தில் இழுத்துப் பாருங்கள். உங்களுக்குச் சிவந்தால் அதற்கும் சிவக்கும். தோல் உரிந்து புண்ணாகும் அளவுக்கு அழுத்திவிட முடியும், அந்தக் கம்பிகள் அவ்வளவு கூர்மை. தளர்ந்த முடியை எடுக்கவென்று பிளேடு வைத்த டீஷெட்டிங் கருவிகள் பெட் ஷாப்பில் நல்ல விலைக்கு விற்கிறார்கள். அளவாகப் பயன்படுத்தினால் பலன் உண்டு. ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் நல்ல மேல்முடியையும் சேர்த்து அறுத்துவிடும். மேல்முடி வளர நாளாகும். என் கைக்கு ரேக் போதும். போர்போல், ரிட்ஜ்பேக், ஆஃப்ரிகானிஸ் என்று குட்டை முடி நாய் வைத்திருப்பவர்களுக்கு இவை எதுவும் வேண்டாம், ரப்பர் முட்கள் வைத்த கையுறையோ பிரஷோ வட்டமாகத் தேய்த்தால் போதும். குட்டை முடி என்றால் கொட்டாது என்று எண்ண வேண்டாம். அந்தச் சின்ன முடிகள் சோபாத் துணியில் ஊசியாகக் குத்தி நிற்கும், எடுப்பது இன்னும் கஷ்டம்.

ராணிக்கு நான் தொடங்குவது தொடையில். அங்கேதான் முதலில் தளரும், அங்கேதான் அதிகம் இருக்கும். இடது கையால் முடியை மேல்நோக்கித் தூக்கிப் பிடித்து, கீழே தோல் தெரியும் கோட்டிலிருந்து சிறு சிறு அடுக்காக வாரி இறக்குவேன். மேலோட்டமாக வாரினால் மேலே பளபளப்பாக இருக்கும், அடியில் உள்முடி சிக்கிச் சிக்கிக் கம்பளமாகிவிடும். அப்புறம் முதுகு, விலா, கழுத்து. காலருக்கு அடியில், காதுக்குப் பின்னால் இந்த இரண்டு இடத்திலும் சிக்கு விழும், அங்கே விரலால் பிரித்துவிட்டுத்தான் சீப்பு. வயிற்றில் முடியும் குறைவு, தோலும் மெல்லியது, கையால் தடவிவிட்டாலே போதும். வால் கடைசி, ஏனென்றால் அவளுக்கு வாலைப் பிடித்தால் பிடிக்காது.

பிடிக்கவில்லை என்றால் நாய் சொல்லும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கொட்டாவி விடும், உதட்டை நக்கும். அதைப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும், மிச்சம் நாளைக்கு. உறுமும் வரை காத்திருப்பவர்கள்தான் "என் நாய் பிரஷ் போட விடாது" என்கிறார்கள். ராணிக்கு நடுநடுவே வேகவைத்த கேரட் துண்டு தருகிறேன். பில்டாங் என்ற உப்பிட்டு உலர்த்திய கறியைக் கேட்டுப் பார்ப்பாள், அதில் உப்பு அதிகம், தருவதில்லை.

பிரஷ் போடும் அந்தக் கால் மணி நேரம் முடிக்காக மட்டும் இல்லை. என் கை அவளுடைய உடம்பு முழுவதும் போகிறது. எங்கள் மாகாணமான க்வாசூலு-நாட்டாலில் நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் பயப்படும் சொல் பிலியரி. உண்ணி கடித்து வரும் நோய். பபீசியா என்ற மிக நுண்ணிய உயிரி நாயின் சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இருக்கும் வகை, பபீசியா ராசி, மற்ற நாட்டு வகைகளைவிடக் கடுமையானது. நல்ல பலசாலி நாயையும் சில நாளில் கொண்டுபோய்விடும். சாப்பாட்டைத் தொடாமல் ஓரமாகப் படுத்திருந்தால், ஈறு வெளுத்தோ மஞ்சளித்தோ இருந்தால், சிறுநீர் கறுத்தோ சிவந்தோ போனால், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடும் நோய் இல்லை. டொங்காட்டில் இருக்கும் என் சித்தி மகன் வீட்டு நாயைக் காப்பாற்றியது பிரஷ்தான். கழுத்து மடிப்பில் உண்ணி இருப்பதைப் பார்த்திருந்ததால், அது சோர்ந்து படுத்த அன்று ஈறைத் திருப்பிப் பார்த்தார்கள், வெளுத்துப் போயிருந்தது. நேராக மருத்துவரிடம் கொண்டுபோய்விட்டார்கள்.

அதனால் முடியை அடுக்கடுக்காகப் பிரிக்கும்போதே தோலைப் பாருங்கள். காதின் உள்ளே, காதுக்கு அடியில், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, விரல்களுக்கு நடுவில். உண்ணி இருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். பாரஃபின் (மண்ணெண்ணெய்) தடவுவது, தீக்குச்சியால் சுடுவது என்று நம் ஆட்கள் பல வழி வைத்திருக்கிறார்கள், எதுவும் வேண்டாம். நாயின் தோல்தான் புண்ணாகும். உண்ணி மருந்தை மாத்திரையாகவோ தோலில் விடும் சொட்டாகவோ மருத்துவர் சொன்ன நாள் தவறாமல் கொடுத்துவிட வேண்டும்.

குளிப்பாட்டுவது அடுத்தது. முடி கொட்டும் பருவத்தின் தொடக்கத்தில் ஒரு நல்ல குளியல் போட்டால், தளர்ந்து நிற்கும் முடி மொத்தமாக இறங்கும். ஆனால் வரிசை மாறக் கூடாது. முதலில் பிரஷ், பிறகு தண்ணீர். சிக்கு இருக்கும்போதே நனைத்தால் அது இறுகி, வெட்டி எடுக்க வேண்டிய நிலைக்குப் போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீர், நாய்க்கான ஷாம்பூ. நாயின் தோல் நம்முடையதைவிட மெல்லியது, அதன் அமிலத் தன்மையும் வேறு. நம் ஷாம்பூ அதை வறட்டிவிடும், வறண்ட தோலில் அரிப்பும் பொடுகும் வரும், முடி இன்னும் கொட்டும். அலசுவதில் அவசரம் கூடாது, அடர்ந்த உள்முடிக்குள் நுரை மாட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு காய வைப்பது. டர்பன் ஈரக்காற்றில் இது பெரிய வேலை. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், விரலை உள்ளே விட்டால் ஈரம் தெரியும். அந்த ஈரம் மணிக்கணக்கில் நின்றால் தோல் வெந்து, நக்கி நக்கி வட்டமாகப் புண்ணாகும். துண்டால் ஒற்றி எடுத்து, ஃபேன் முன்னால் உட்காரவைத்து, தேவைப்பட்டால் சூடில்லாத காற்றில் டிரையர் பிடித்து, முழுக்கக் காய்ந்த பிறகு மறுபடி ரேக். அன்றைக்கு வரும் முடியைப் பார்த்தால் இன்னொரு நாய் செய்யலாம் போலிருக்கும். கடலுக்கோ ஆற்றுக்கோ கூட்டிப்போய் வந்தாலும் இதே கவனம்தான், உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும். அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம். ராணிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதுமாக இருக்கிறது.

தேங்காய் எண்ணெய் தடவினால் முடி நிற்கும் என்று அம்மா சொல்வார். நமக்கு அப்படித்தானே சொல்லி வளர்த்தார்கள். நாய்க்கு அது முடியை நிறுத்தாது. தூசி ஒட்டும், அது நக்கித் தின்னும், சோபாவில் கறை விழும்.

மொட்டை அடித்துவிடலாம் என்பவர்களிடம்தான் எனக்கு வாதம் அதிகம். டிசம்பர் வந்தால் போதும், "பாவம், இந்த வேக்காட்டில் இவ்வளவு முடியா, ஷேவ் பண்ணிவிடு" என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அன்பால் சொல்கிறார்கள், தெரியும். ஆனால் இரண்டு அடுக்கு முடி நாய்க்கு அது நல்லதில்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். மேல்முடி வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் தோல் வெயிலில் பொசுங்கும். அதோடு ஷேவ் செய்த இடத்தில் சில நாய்களுக்கு முடி பல மாதம் வளராமல் நின்றுவிடும், வளர்ந்தாலும் உள்முடி முந்திக்கொண்டு திட்டுத் திட்டாக வரும். முடி கொட்டுவதும் நிற்காது, நீள முடிக்குப் பதில் குட்டை முடி கொட்டும். அறுவை சிகிச்சைக்காகவோ புண்ணுக்காகவோ மருத்துவர் மழிப்பது வேறு விஷயம். வெயிலுக்கு வேண்டியது தளர்ந்த உள்முடியை வாரி எடுத்துவிடுவது, நிழல், தண்ணீர், விடியற்காலையில் நடை. உள்முடி போனால் மேல்முடிக்கு நடுவே காற்று ஓடும்.

சாப்பாட்டைப் பற்றிப் புரட்டாசியில் ஒரு சங்கடம் வரும். வீடே விரதம் இருக்கும்போது நாய்க்கு மட்டும் கறியா என்று சில வீடுகளில் நாய்க்கும் பருப்புச் சோறு போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். முடி என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம். பழைய முடி போய்ப் புது முடி முளைக்கும் மாதத்தில் அதன் புரதத்தைக் குறைத்தால் வருகிற முடி மங்கி, உடையும் முடியாக வரும். நம் பருப்பிலும் குழம்பிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும், இரண்டும் நாய்க்கு விஷம். சிவப்பணுக்களை அவை சேதப்படுத்தும். டர்பன் கறியில் வெங்காயம் இல்லாத கிரேவி எங்கே இருக்கிறது? மிச்சச் சோற்றில் கொஞ்சம் கிரேவி ஊற்றிப் போடுவது இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம், அதை விட்டுவிட வேண்டும். ராணியின் உலர் உணவு மூட்டையும் அவளுடைய தட்டும் கராஜில் இருக்கின்றன, சமையலறைக்குள் வருவதே இல்லை. அம்மாவுக்கும் அதில் நிம்மதி.

மீன் கொடுப்பது ஜூன், ஜூலையில். சார்டீன் ஓட்டம், அதாவது மத்தி வகை மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும் நாட்களில் தெற்குக் கடற்கரையில் வலை இழுத்துக் கூடை கூடையாக விற்பார்கள். நமக்குப் பொரியல், அவளுக்கு உப்பு மிளகாய் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொஞ்சம். மீன் கொழுப்பில் இருக்கும் ஒமேகா-3 தோலுக்கு நல்லது. ஆனால் இன்று கொடுத்து நாளை பார்க்க முடியாது, ஆறு முதல் எட்டு வாரமாவது தொடர்ந்து போனால்தான் தோலில் தெரியும். மீன் கிடைக்காத மாதங்களில் மருத்துவர் சொன்ன அளவில் மீன் எண்ணெய் மாத்திரை. டின்னில் வரும் பில்சர்ட் மீன் கொடுப்பவர்கள் மிளகாய்த் தக்காளி சாஸ் இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.

சரி, வீட்டுக்குள் வருவோம். சாமி அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் சிறு கதவு ஒன்றைப் பொருத்தினோம். ராணி வாசலில் படுத்துக்கொண்டு பார்ப்பாள், உள்ளே வரமாட்டாள். ஆனால் முடி அவளோடு மட்டும் வருவதில்லை, நம் துணியிலும் வரும். எண்ணெய் பட்ட விளக்கில் ஒரு முடி ஒட்டினால் போகாது. திரியில் விழுந்தால் பொசுங்கிய நாற்றம் அறை முழுக்கப் பரவும். அதனால் அந்த அறைக்கென்று தனித் துடைப்பான், தனித் துணி. பூஜைத் துணிகள் ஜிப் வைத்த பையில் அலமாரிக்குள். குளித்து, அந்தப் பையிலிருந்து எடுத்து உடுத்தி, நேராக உள்ளே. இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு ராணியை வெளியே கட்டச் சொல்லி அம்மா கேட்டதில்லை.

தரையில் சாதாரணத் துடைப்பத்தால் வேகமாகக் கூட்டினால் முடி எழும்பி, நாம் போனதும் திரும்ப இறங்கும். ரப்பர் முள் துடைப்பம் முடியை உருட்டிச் சேர்க்கும். டைல்ஸில் லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் மாப் நன்றாகப் பிடிக்கும். முதலில் முடியை எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். முதலிலேயே தண்ணீர் பட்டால் முடி தரையோடு ஒட்டிச் சுவர் ஓரத்தில் போய் அடையும். கார்ப்பெட்டிலும் சோபாவிலும் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் இழுங்கள், கயிறு கயிறாகச் சேர்ந்து வரும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாக்யூம் கிளீனரை நம்பி இருக்கவே முடியவில்லை. கரண்ட் இருக்கும் கொஞ்ச நேரத்தில் சமையலா, சலவையா, வாக்யூமா? அப்போது இந்தக் கையுறைதான் வேலை செய்தது, இன்றும் வாக்யூமுக்கு முன்னால் அதைத்தான் எடுக்கிறேன். ராணி படுக்கும் இடங்களில் மட்டும் விரிப்புப் போட்டிருக்கிறேன். சோபாவைத் துவைக்க முடியாது, விரிப்பைத் துவைக்கலாம்.

முடி ஒட்டிய துணியை அப்படியே மெஷினில் போடாதீர்கள். நனைந்த முடி மற்றத் துணிகளிலும் ஒட்டும், வடிகட்டியை அடைக்கும். முதலில் வெளியே உதறுங்கள். டிரையர் இருந்தால் துவைப்பதற்கு முன் பத்து நிமிடம் சூடில்லாத காற்றில் ஓடவிட்டால் பெரும்பகுதி அதன் வலையில் சேர்ந்துவிடும். துவைத்து முடித்ததும் டிரம்மை ஒரு ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். எனக்கு வேலையில் கறுப்பு பேண்ட்தான் சீருடை. அதை வீட்டை விட்டுக் கிளம்பும் கடைசி நிமிடத்தில்தான் போடுகிறேன், ஒட்டும் உருளை ஒன்று காரில், ஒன்று கடையில்.

வாரி எடுத்த முடியை முன்பு பலர் குருவிகளுக்கென்று மரத்தில் தொங்கவிடுவார்கள். வசந்தத்தில் தேன்சிட்டும் தூக்கணாங்குருவியும் கூடு கட்டும் நேரம், நல்ல எண்ணம்தான். ஆனால் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், விலங்கு முடி வைத்துக் கட்டிய கூடுகளில் நாய் பூனைகளுக்குப் போடும் தெள்ளுப்பூச்சி மருந்துகள் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மருந்து கூடுதலாக இருந்த கூடுகளில் பொரியாத முட்டைகளும் செத்த குஞ்சுகளும் அதிகம். ராணிக்கு உண்ணி மருந்து தவறாமல் போடுகிறோம், இந்த ஊரில் போடாமல் இருக்க முடியாது. அதனால் அவளுடைய முடி முழுவதும் பையில் கட்டிக் குப்பைக்குத்தான் போகிறது.

எல்லா முடி கொட்டலும் பருவத்தால் வருவது இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பருவத்தில் கொட்டும்போது உடம்பு முழுவதும் சீராக மெலியும், அடியில் தோல் தெரியாது, அரிப்பு இருக்காது. வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தோல் சிவந்து செதில் உதிர்ந்தாலோ, வால் தொடங்கும் இடத்தில் கடித்துக்கொண்டே இருந்தாலோ காரணம் வேறு. தெள்ளுப்பூச்சி ஒவ்வாமை, சொறி, படர்தாமரை என்று பல இருக்கலாம். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி போய், நாய் மந்தமாகி, குண்டாகிக்கொண்டே போனால் தைராய்டைப் பார்க்கச் சொல்லுங்கள். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு இணைசேரும் பருவம் முடிந்த பிறகும், குட்டி போட்ட பிறகும் கொத்துக் கொத்தாகக் கொட்டும். அது இயல்பு, நல்ல சாப்பாடு கொடுத்தால் திரும்ப வளரும்.

இலையுதிர் காலத்தில் இன்னொரு சுற்று இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து கோடை முடி போய்க் குளிர்கால உள்முடி வரும். பெரிய வெள்ளி அன்று இசிபிங்கோவிலும் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் மாரியம்மன் திருவிழாவுக்குக் கூட்டம் கூடும் நேரம் இதுதான். டர்பனில் கடுங்குளிர் இல்லாததால் இந்தச் சுற்று வசந்தத்தில் பாதிகூட இருக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் ரேக் போட்டால் மே மாதத்துக்குள் அடங்கிவிடும். மற்ற மாதங்களில் வாரம் இரண்டு முறை பிரஷ் போதும், உண்ணி பார்ப்பது மட்டும் தினமும்.